கியாந்தி கிளாசிகோவைச் சுவைத்து அறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இத்தாலியின் டஸ்கனி பகுதியில், ஃபிளாரன்ஸுக்கும் சியேனாவுக்கும் நடுவே கிரேவே என்று ஒரு ஊர். ஊர் நடுவில் உள்ள திடல் முக்கோணமாக இருக்கும்; அதைச் சுற்றித் தூண் வைத்த தாழ்வாரங்கள். அந்தத் தாழ்வாரம் ஒன்றில் இருந்த சின்ன உணவகத்தில்தான் எனக்குக் கியாந்தி கிளாசிகோ என்ற சிவப்பு ஒயின் பிடிபட்டது. அதற்கு முன்பும் குடித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் "புளிக்கிறது, துவர்க்கிறது, இதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கிளாஸை வைத்துவிடுவேன். அன்றும் முதல் வாய் அப்படித்தான் இருந்தது. பிறகு ரொட்டி வந்தது. டஸ்கனி ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள். அதன் மேல் பச்சை வாசம் வீசும் ஆலிவ் எண்ணெய், பக்கத்தில் பெக்கொரீனோ என்ற செம்மறிப்பால் சீஸ். ஒரு துண்டை மென்று விழுங்கிவிட்டு அதே கிளாஸை மறுபடி எடுத்தேன். துவர்ப்பு போன இடம் தெரியவில்லை. அது இருந்த இடத்தில் பழம் இருந்தது.

அந்த இரண்டு வாய்க்கும் நடுவில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால் இந்த ஒயின் உங்களுக்குத் திறந்துவிடும். இது தனியாகக் குடித்து மதிப்பெண் போடுவதற்காகப் பிறந்த ஒயின் அல்ல. சாப்பாட்டு மேசைக்காக, பல திராட்சைகளை அளந்து சேர்த்து உருவானது.

கலவைக்குள் யார் யார்

கியாந்தி கிளாசிகோவின் முதுகெலும்பு சாஞ்ஜோவேசே என்ற திராட்சை. சட்டப்படி 80 சதவீதமாவது அது இருக்க வேண்டும். முழுக்க முழுக்க அதுவாகவும் இருக்கலாம். மீதி 20 சதவீதத்துக்குள் மற்ற சிவப்புத் திராட்சைகள் வரலாம். கனயோலோ, கொலொரீனோ, சிலியேஜோலோ போன்றவை அந்த மண்ணின் பழைய குடிகள். மெர்லோவும் கபர்னே சாவிஞ்ஞோனும் பிரான்ஸிலிருந்து வந்தவை.

இதை ஏன் கலந்தார்கள் என்பதற்கு ஒரு கடிதம் சாட்சி. அதே பகுதியில் கயோலே என்ற ஊருக்கு அருகே பிரோலியோ கோட்டையின் சொந்தக்காரர் பெத்தீனோ ரிக்காசோலி. 1861-ல் முதல் பிரதமர் கவூர் இறந்த பிறகு ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது பிரதமரானவர், "இரும்புக் கோமான்" என்று பெயர் வாங்கியவர். அரசியலுக்கு நடுவே பல ஆண்டுகள் திராட்சைகளை மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தவர், 1872-ல் பீசா நகரத்துப் பேராசிரியர் ஒருவருக்கு முடிவை எழுதி அனுப்பினார். சாரம் இதுதான்: ஒயினின் மணமும் வீரியமும் சாஞ்ஜோவேசேயிலிருந்து வருகின்றன. அதன் முரட்டுத்தனத்தை, மணத்தைக் கெடுக்காமல், கனயோலோ இனிமையாக்குகிறது. மல்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை ஒயினை இலேசாக்கி, தினசரிச் சாப்பாட்டுக்கு ஏற்றதாக்குகிறது. நாள்பட வைத்துக் குடிக்கும் ஒயினில் மல்வாசியா தேவையே இல்லை.

கடைசி வரியைப் பின்னால் வந்தவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1967-ல் வந்த சட்டம் கியாந்தியில் 10 முதல் 30 சதவீதம் வெள்ளைத் திராட்சை இருந்தே ஆக வேண்டும் என்றது. அதில் மல்வாசியாவோடு, விளைச்சல் அதிகமும் சுவை குறைவுமான திரெபியானோவும் நுழைந்துகொண்டது. ஒயின் வெளிறிப்போய்ப் பேரும் கெட்டது. வைக்கோல் சுற்றிய குண்டு பாட்டிலில் மலிவாக விற்ற கியாந்தியை நினைத்தால் அந்தக் காலம் புரியும். பொறுக்க முடியாத சிலர் சட்டத்துக்கு வெளியே போய், மேசை ஒயின் என்ற கடைசிப் படி லேபிளில் தங்கள் நல்ல ஒயினை விற்றார்கள். அந்தினோரி குடும்பத்தின் தின்யானெல்லோ, 1971 அறுவடையிலிருந்து, இந்த வகையில் பெயர் பெற்றது. 1984-ல் வெள்ளையின் அளவு வெகுவாகக் குறைந்தது. 2006 அறுவடை முதல் கியாந்தி கிளாசிகோவில் வெள்ளைத் திராட்சைக்கு இடமே இல்லை. ரிக்காசோலி சொன்ன இடத்துக்கு 130 வருடம் சுற்றி வந்திருக்கிறார்கள்.

இந்த வரலாற்றை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், சுவைக்கும்போது நீங்கள் தேட வேண்டியது அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. மணமும் முறுக்கும் எங்கே, அதைத் தணிக்கும் மென்மை எங்கே? கலவையைச் சுவைப்பது என்றால் இந்த இரண்டின் பேச்சுவார்த்தையைக் கேட்பதுதான்.

எந்த பாட்டில் வாங்குவது

கியாந்தி வேறு, கியாந்தி கிளாசிகோ வேறு. கியாந்தி என்ற பெயர் 1932-ல் சுற்றுவட்டாரம் முழுக்க விரிந்தபோது, பழைய நடுப்பகுதிக்கு மட்டும் கிளாசிகோ என்ற அடைமொழி கிடைத்தது. டஸ்கனியை ஆண்ட மெடிச்சி வம்சத்து மூன்றாம் கோசிமோ 1716-லேயே எல்லை வகுத்துக் கொடுத்த பகுதியைச் சுற்றி அமைந்த நிலம் அது. அடையாளம் எளிது: பாட்டில் கழுத்தில் அல்லது பின்பக்கத்தில் கருப்புச் சேவல் இருக்கும். 1924-ல் தொடங்கிய உற்பத்தியாளர் சங்கத்தின் சின்னம். சேவல் இல்லை என்றால் அது கிளாசிகோ இல்லை.

கிளாசிகோவுக்குள் மூன்று படிகள். அடிப்படைப் படியை அன்னாத்தா என்பார்கள். லேபிளில் வெறும் கியாந்தி கிளாசிகோ என்று இருக்கும். ரிசெர்வா குறைந்தது 24 மாதம் முதிர்ந்தது. 2014-ல் வந்த கிரான் செலெத்ஸியோனே குறைந்தது 30 மாதம் முதிர்ந்தது, சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் செய்தது. விலை கூடினால் சந்தோஷமும் கூடும் என்று நினைத்து நேராகக் கிரான் செலெத்ஸியோனே வாங்கிவிடாதீர்கள். முதலில் அன்னாத்தா. திராட்சையின் குரல் மரப்பீப்பாயால் மூடப்படாமல் அதில்தான் தெளிவாகக் கேட்கும். அறுவடை ஆண்டிலிருந்து மூன்று முதல் ஆறு வருடத்துக்குள் இருப்பது நல்லது.

முடிந்தால் இரண்டு பாட்டில் வாங்கி, ஒரு நண்பர் குழுவோடு சேர்ந்து சுவையுங்கள். ஒரே ஒயினைத் தனியாகச் சுவைத்தால் "நன்றாக இருக்கிறது" என்பதற்கு மேல் நாக்கு எதுவும் சொல்லாது. இரண்டை அருகருகே வைத்தால்தான் வித்தியாசம் பேச ஆரம்பிக்கும். பான்சானோ ஊரில் உள்ள ஃபொன்தோதி ஒயின் பண்ணையின் கியாந்தி கிளாசிகோ முழுக்க சாஞ்ஜோவேசே. கயோலேயில் 11-ஆம் நூற்றாண்டு மடாலயத்தில் இயங்கும் பாதியா அ கொல்திபூவோனோ, சாஞ்ஜோவேசேயோடு கனயோலோ, கொலொரீனோ போன்ற உள்ளூர்த் திராட்சைகளைச் சேர்க்கிறது. அந்தினோரியின் பெப்போலியில் மெர்லோவும் சிராவும் உண்டு. இந்த மூன்றில் எந்த இரண்டு கிடைத்தாலும் போதும். கிடைக்காவிட்டால் கவலையில்லை; பின்லேபிளில் திராட்சைப் பட்டியல் போட்டிருக்கும் இரண்டு பாட்டில்களைத் தேடிப் பிடியுங்கள்.

சூடு: பாதிப் பேர் தவறுவது இங்கேதான்

ஒருமுறை ஓர் உணவகத்தில் நல்ல ரிசெர்வா ஒன்றை, சமையலறைக்குப் பக்கத்து அலமாரியிலிருந்து எடுத்துவந்து ஊற்றினார்கள். வெதுவெதுப்பாக இருந்தது. மூக்கில் சாராய நெடி மட்டும் ஏறியது, தொண்டை எரிந்தது, பழம் எங்கேயும் இல்லை. ஒயின் மேல் தப்பில்லை.

இந்த ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரி சரியான சூடு. "ரெட் ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும்" என்ற விதி ஐரோப்பாவின் குளிர்ந்த கல்வீடுகளில் உருவானது. சென்னையிலோ சிங்கப்பூரிலோ அறை வெப்பம் 30-ஐத் தொடும். அங்கே பாட்டிலை ஃபிரிட்ஜில் ஒன்றரை மணி நேரம் போல வைத்து எடுங்கள். தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும், ஜில்லென்று உறையக் கூடாது. ரொம்பக் குளிர்ந்துவிட்டாலும் துவர்ப்பு தூக்கலாகி மணம் அடங்கிவிடும். அப்படி ஆனால் கிளாஸை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு சற்றுப் பொறுங்கள்.

கிளாஸ் அடியில் அகன்று வாய்ப்பக்கம் குறுகியதாக இருக்கட்டும். அந்தக் குறுகல்தான் மணத்தைப் பிடித்து வைக்கும். சுவைப்பதற்கு 60 மில்லி ஊற்றினால் போதும். வாசனைத் திரவியம், ஊதுபத்தி, தாளிப்பு இவை எதுவும் அறையில் வேண்டாம். அன்னாத்தாவை முன்கூட்டியே வேறு ஜாடிக்கு மாற்றத் தேவையில்லை, கிளாஸிலேயே அரைமணி நேரத்தில் விரியும்.

பார்ப்பது

கிளாஸை வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்து மேலிருந்து பாருங்கள். சாஞ்ஜோவேசே நிறம் குறைந்த திராட்சை. ஒயின் வழியே தாளில் உள்ள எழுத்து ஓரளவு தெரிந்தால் அது குறையில்லை, அதன் இயல்பு. மாதுளை முத்தின் சிவப்பு, ஓரத்தில் இலேசான செங்கல் சாயல். வயது ஏற ஏற அந்தச் செங்கல் உள்ளே பரவும். இளம் ஒயினே கத்திரிக்காய்த் தோல் போலக் கருத்து, எழுத்து மறையும்படி இருந்தால், உள்ளே கொலொரீனோவோ மெர்லோவோ கபர்னேயோ இருக்க வாய்ப்பு அதிகம். கொலொரீனோ என்ற பெயரிலேயே நிறம் இருக்கிறது. அதைச் சேர்த்ததன் முக்கிய நோக்கமும் அதுதான்.

கிளாஸ் சுவரில் வழியும் கோடுகளைப் பார்த்துப் பலர் வியப்பார்கள். அவை பெரும்பாலும் ஆல்கஹாலின் அளவைத்தான் காட்டுகின்றன, தரத்தை அல்ல. விட்டுவிடலாம்.

முகர்வது

முதலில் கிளாஸைச் சுழற்றாமல் முகருங்கள். நனைந்து மக்கிய அட்டைப்பெட்டி வாடை வந்தால் அந்த பாட்டில் கெட்டது. தக்கையில் பூஞ்சையால் உண்டாகும் ஒரு வேதிப்பொருளின் வேலை அது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் எவ்வளவு நேரம் வைத்தாலும் போகாது; கூச்சப்படாமல் திருப்பிக் கொடுங்கள். காடி நெடியோ நகப்பூச்சு நெடியோ தூக்கலாக அடித்தாலும் அப்படியே.

சரி, இப்போது கிளாஸை மேசையில் வைத்தபடியே நாலு சுற்றுச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டுச் சின்னச் சின்னதாக இழுங்கள். புத்தகங்கள் புளிப்புச் செர்ரி, வயலட் பூ என்று எழுதும். அந்தச் செர்ரி, கேக் மேல் வைக்கும் சர்க்கரைப் பாகுச் செர்ரி இல்லை. நன்றாகப் பழுக்காத பிளம், கொஞ்சம் மாதுளைச் சாறு, அதன் அடியில் தேயிலைத் தூள் டப்பாவைத் திறந்ததும் வரும் உலர்ந்த வாசம், இவற்றைச் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அங்கே போய்விடுவீர்கள். வயலட் பூவை நீங்கள் முகர்ந்ததே இல்லை என்றால் அந்தச் சொல்லைக் கடன் வாங்க வேண்டாம். மணத்துக்குப் பெயர் வைப்பது ஞாபகத்தின் வேலை. உங்கள் ஞாபகத்தில் இருக்கும் பொருளின் பெயரே சரியான பெயர். நான் ஒரு கியாந்திக்கு "வெயிலில் உலர்ந்த தக்காளி, பக்கத்தில் அதன் இலை" என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இன்றைக்கும் அந்த வரியைப் படித்தால் அந்த ஒயின் மூக்குக்கு வந்துவிடும்.

வெண்ணிலா, கிராம்பு, சுட்ட ரொட்டி வாசம் வந்தால் அது திராட்சை கொடுத்ததல்ல, மரம் கொடுத்தது. 225 லிட்டர் கொள்ளும் சின்ன பிரெஞ்சு பீப்பாய் புதிதாக இருந்தால் இந்த வாசம் நன்றாக ஏறும். பழைய பாணியினர் ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் பெரிய ஸ்லாவோனிய ஓக் பீப்பாய்களை வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். அவற்றில் மர வாசம் அடங்கிப் பழம் முன்னால் நிற்கும். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும். கிராம்பு வாசம் வேண்டும் என்றால் கிராம்பையே முகரலாமே.

வாயில் வைப்பது: புளிப்பும் துவர்ப்பும்

ஒரு சிறிய மடக்கு எடுத்து உடனே விழுங்காமல் வாய் முழுக்கப் பரப்புங்கள். பத்து எண்ணுங்கள். பிறகு விழுங்கலாம், அல்லது பக்கத்தில் ஒரு பாத்திரம் வைத்துத் துப்பலாம். நாலைந்து ஒயின் சுவைக்கும் நாளில் துப்புவதே நல்லது. வண்டி ஓட்ட வேண்டியவர் கட்டாயம் துப்ப வேண்டும்.

துப்பியதும் தலையைக் கொஞ்சம் குனிந்து வாயை லேசாகத் திறந்தபடி இருங்கள். நாக்கின் இரு பக்கத்திலிருந்தும் எச்சில் ஊறிக்கொண்டு வரும். எவ்வளவு வேகமாக ஊறுகிறதோ அவ்வளவு புளிப்பு. சாஞ்ஜோவேசேயின் புளிப்பு நன்றாகவே ஊற வைக்கும், அருநெல்லியைக் கடித்தது போல. பசியைக் கிளப்புவது இந்தப் புளிப்புதான். அது இல்லாத ரெட் ஒயின் இரண்டாவது கிளாஸில் திகட்டிவிடும்.

அடுத்து நாக்கால் மேல் ஈறையும் முன்பற்களின் உட்புறத்தையும் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று, வறண்டு, இழுத்துப் பிடித்தது போல இருக்கிறதா? அதுதான் டானின். இந்த விஷயத்தில் தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பைச் சிறுவயதிலேயே கற்றுக்கொண்டவர்கள் நாம். நாவல்பழம், வாழைப்பூ, கடுக்காய், கொட்டைப்பாக்கு என்று அதன் ரகங்களும் தெரியும். பல நாட்டு ஆரம்பநிலைக்காரர்கள் துவர்ப்பையும் கசப்பையும் குழப்பிக்கொண்டு தடுமாறுவார்கள். உங்களுக்கு அந்தத் தடுமாற்றம் வேண்டியதில்லை. கசப்பு நாக்கில் உணரும் சுவை. துவர்ப்பு வாய் முழுக்கத் தொட்டுணரும் வறட்சி. டானின், எச்சிலில் உள்ள வழவழப்பான புரதங்களைப் பிடித்துத் திரளவைத்துவிடுவதால் அந்த வறட்சி வருகிறது.

ஆகவே எவ்வளவு துவர்ப்பு என்பதோடு எந்த ரகத் துவர்ப்பு என்றும் கேளுங்கள். பாக்கு போலக் கடித்துப் பிடிக்கிறதா, ஆற வைத்த டிகாஷன் போல மெல்லியதாக இருக்கிறதா, பழுத்த நாவல் போலச் சாறோடு சேர்ந்து வருகிறதா? கலவையின் கைவண்ணம் இங்கே தெரியும். தனி சாஞ்ஜோவேசேயில் புளிப்பும் துவர்ப்பும் நேர்க்கோடாக, நிமிர்ந்து நிற்கும். சரளமாகத் தொடங்கி, நடுவில் ஒரு இறுக்கம், முடிவில் மறுபடி புளிப்பு. கனயோலோ சேர்ந்த ஒயினில் அந்த நடு இறுக்கம் தளர்ந்து மென்மையாகும், ஆனால் நிறமும் கனமும் பெரிதாக மாறாது. மெர்லோ சேர்ந்ததில் வாயின் நடுப்பகுதி சதைப்பற்றாக, பிளம் பழத்தைக் கடித்தது போல நிரம்பும். கபர்னே துவர்ப்பையே கூட்டும். பிளாக்கரன்ட் என்ற கரும்பெர்ரிப் பழத்தின் வாசமும், சில சமயம் குடைமிளகாய் வாசமும் கொண்டுவரும். ஐந்து சதவீதம் மட்டுமே சேர்த்திருந்தால் இதையெல்லாம் பிரித்துச் சொல்ல முடியாமல் போகலாம், அதில் தவறில்லை.

கடைசியாக, விழுங்கிய பிறகு பழத்தின் ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். சாராயச் சூடு மட்டும் தொண்டையில் மிஞ்சினால் சாதாரண ஒயின். புளிப்பும் பழமும் சேர்ந்து அரை நிமிடம் நின்றால் நல்ல கையில் செய்தது.

சாப்பாட்டோடு இரண்டாவது முறை

இது விருப்பப் பகுதி அல்ல. இதுவரை செய்தது பாதி வேலைதான்.

உப்பும் கொழுப்பும் புரதமும் உள்ள ஏதாவது ஒன்றை மென்று விழுங்கிவிட்டு அதே ஒயினைச் சுவையுங்கள். டானின் இப்போது உங்கள் எச்சிலை விட்டுவிட்டு, சீஸின், இறைச்சியின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈறு வறளாது. உப்பு, ஒயினின் புளிப்பையும் கசப்பையும் தணித்துப் பழத்தை முன்னால் தள்ளும். கிரேவேயில் எனக்கு நடந்தது இதுதான். ஃபிளாரன்ஸ்காரர்கள் மூன்று விரல் தடிமனில் மாட்டிறைச்சியைக் கரி நெருப்பில் வாட்டி, இந்த ஒயினோடு சாப்பிடுவது சும்மா இல்லை. இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு ரிபொல்லீத்தா இருக்கிறது: பழைய ரொட்டி, வெள்ளைப் பீன்ஸ், கருங்கோஸ் சேர்த்துக் கொதிக்கவைத்த கெட்டி சூப், மேலே ஆலிவ் எண்ணெய். தக்காளிச் சாறு ஊற்றிய பாஸ்தாவும் நன்றாகப் போகும். தக்காளியின் புளிப்புக்கு ஈடுகொடுக்கும் புளிப்பு ஒயினிலேயே இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று வெளிறச் செய்யாது.

மிளகாய்க் காரத்தோடு மட்டும் வேண்டாம். காரத்தால் எரியும் நாக்கில் ஆல்கஹாலும் துவர்ப்பும் இரட்டிப்பாக உறைக்கும், ஒயின் பாழ், குழம்பும் பாழ். நம் வீட்டுச் சமையலில் மிளகாய் குறைத்து மிளகு போட்டு வறுத்த ஆட்டுக்கறி இதற்கு ஒத்துவரும்; சாப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

மீதி ஒயினும் நோட்டும்

ஒரு சின்ன நோட்டில் நாலு வரி எழுதுங்கள்: பெயரும் அறுவடை ஆண்டும், மணம் எதை ஞாபகப்படுத்தியது, துவர்ப்பு எந்த ரகம், சாப்பாட்டுக்குப் பிறகு என்ன மாறியது. மீதி ஒயினைத் தக்கையால் அடைத்து ஃபிரிட்ஜில் நிறுத்தி வையுங்கள். மறுநாள் மாலை, குடிப்பதற்கு அரைமணி நேரம் முன்னால் வெளியே எடுத்து, நேற்று எழுதியதைப் பார்க்காமல் சுவையுங்கள். காற்றுப் பட்ட சாஞ்ஜோவேசே இரண்டாம் நாளில் பல சமயம் முதல் நாளைவிடப் பேசும். தேயிலையும் மண்ணும் மேலே வந்திருக்கும், முறுக்கு கொஞ்சம் இறங்கியிருக்கும். மெர்லோ அதிகம் உள்ளது அதற்குள் சற்றுத் தளர்ந்திருக்கலாம். பார்த்ததை நேற்றைய வரிகளுக்குக் கீழேயே எழுதுங்கள். மூன்றாம் நாளும் கொஞ்சம் மிச்சம் இருந்தால், இறைச்சியோ பீன்ஸோ வேகும் பாத்திரத்தில் ஊற்றிவிடலாம்.